அருவிக்குப் பிறகு ஏன் அப்படிப் பசிக்கிறது?

ஜூலை மாதத்தில் திருநெல்வேலியின் தச்சநல்லூர்ப் பக்கம் மேல்காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கும். காலை பத்து மணிக்கே வெயில் ஏறிவிடும். 35 டிகிரியைத் தாண்டாத நாளைத் தேட வேண்டியிருக்கும். அங்கிருந்து ஜங்ஷன், பேட்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி என்று மேற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போனால் குற்றாலம். அங்கே குடை பிடிக்கவும் தோன்றாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது. அப்படியொரு பொடிச்சாரல். அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவனுக்குப் பல் கிட்டிப்போகும்.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பது என்றால் நெல்லைக்காரர்களுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. முதலில் அருவி, அப்புறம் புரோட்டா. பருவம் வாய்த்தால் வழியில் பதநீர். ஊர் திரும்பியதும் அல்வா. ஏன் இத்தனை சுகம் என்று கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கும். குற்றாலத்துக்கு ‘மூலிகைத் தண்ணி’, அல்வாவுக்குத் ‘தாமிரபரணித் தண்ணி’. எல்லாப் புகழையும் தண்ணீருக்கே கொடுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் தண்ணீருக்குச் சேர வேண்டியது ஒரு பங்குதான். மற்றதைக் காற்றும் தோலும் மாவும் சுண்ணாம்பும் பிரித்துக்கொள்கின்றன. கூட வருகிற ஆட்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

முதலில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலில் ஈரத்தை வாங்கிக்கொண்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறுகிறது. ஏறும் காற்று விரிந்து குளிர, ஈரம் மேகமாகத் திரண்டு கேரளப் பக்கத்தில் கொட்டுகிறது. நீராவி துளியாகும்போது தன்னுள் இருந்த வெப்பத்தை வெளியே விடும். அதனால் மேகத்தோடு ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 6 டிகிரி அளவுக்கே குளிர்கிறது. ஈரத் துண்டைப் பிழிந்தது போல ஆன அந்தக் காற்று முகட்டைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது, கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. ஏறுகையில் இழந்ததைவிட இறங்குகையில் பெறுவது அதிகம். ஆடி மாதத்துத் திருநெல்வேலியின் காந்தல் காற்று இந்தக் கணக்கில் வருவதுதான். சமவெளியில் நமக்கு மழை வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகைக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில், மலைச்சுவர் சட்டென்று தாழ்ந்துவிடுகிறது. அந்த வழியாக வரும் காற்று அவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை. ஏறாத காற்று முழுவதும் பிழியப்படுவதும் இல்லை. மிச்ச ஈரத்தோடு மேகத்தைத் தள்ளிக்கொண்டு கணவாய் வழியே நுழைந்து, செங்கோட்டை, குற்றாலம், தென்காசி மேலெல்லாம் பொடியாகத் தூவுகிறது. அதுதான் சாரல். இன்னும் கிழக்கே வரும்போது ஈரம் தீர்ந்து வேகம் மட்டும் மிஞ்சும். ஆலங்குளம், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவது அந்த வேகத்தில்தான். தென்காசி சாலையில் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு வந்தால், எந்த ஊரில் காற்றின் குணம் மாறுகிறது என்பதைத் தோலே சொல்லிவிடும்.

இனி அருவி. சிற்றாறு பேரருவியாக விழும் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து எந்தத் தடையும் இல்லாமல் ஒரு பொருள் விழுந்தால், தரையைத் தொடும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் இருக்கும். அந்த வேகத்தில் வரும் நீரின் கீழே யாரும் நிற்க முடியாது. குற்றாலத்தில் நிற்க முடிவதற்குக் காரணம் பாதி வழியில் இருக்கும் பொங்குமாகடல். மேலிருந்து விழும் நீர் அந்தப் பாறைக் குழியில் மோதி, கொதித்து, வேகத்தை அங்கேயே செலவழித்துவிட்டு, பாறையில் பரந்து இறங்குகிறது. நம் முதுகுக்கு வருவது மிச்ச வேகம்தான். ஒரு பாறைக் குழி இல்லாவிட்டால் குற்றாலம் தூர நின்று பார்த்துவிட்டு வரும் இடமாகப் போயிருக்கும்.

அந்த மிச்ச வேகம் முதுகில் என்ன செய்கிறது என்பதற்கு 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பாதி விளக்கம் இருக்கிறது. டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியன் இருவருக்கும் அது கிடைத்தது வெப்பத்தையும் தொடுதலையும் உடல் எப்படி உணர்கிறது என்று கண்டதற்காக. தோலின் நரம்பு முனைகளில் சில புரதங்கள் கதவுகளாக இருக்கின்றன. குளிர் பட்டால் திறப்பது ஒரு வகை. புதினா குளிர்ச்சியாகத் தோன்றுவது அந்தக் கதவைத் தட்டுவதால்தான். அழுத்தினால் திறப்பது இன்னொரு வகை. அருவிக்கடியில் இரண்டும் ஒரே சமயத்தில், தலை முதல் கால் வரை, திறந்தபடி இருக்கின்றன. 1965ல் மெல்சாக், வால் என்ற இருவர் முன்வைத்த கருத்து ஒன்றும் இங்கே பொருந்தும். தொடுதலும் அழுத்தமும் கொண்டுபோகும் செய்திகள், வலி கொண்டுபோகும் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன என்பது அது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தானாகத் தேய்ப்பது அதனால்தான். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட கழுத்து, அருவி அடியில் ‘விட்டுவிட்டது’ என்று தோன்றுவதற்கும் அது போதுமான காரணம்.

மூலிகை? மலைக்காட்டில் மூலிகைகள் இருப்பது உண்மை. ஆனால் ஒரு செடியின் சாரம் மருந்தாக வேண்டுமானால் அளவு வேண்டும், நேரம் வேண்டும். நொடிக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் ஓடும் நீரில் இலை தழைகளிலிருந்து கரைவது எவ்வளவு இருக்கும்? பத்து நிமிடக் குளியலில், தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பதற்கென்றே அமைந்த தோலின் மேலடுக்கைத் தாண்டி அதில் எவ்வளவு போகும்? குற்றாலத்து நீரை மருந்து என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மருந்தாக இல்லாததால் அதற்கு ஒரு குறையும் வந்துவிடாது.

இதைவிட விநோதமான உண்மை ஒன்று இருக்கிறது. பிலிப் லெனார்டு என்ற ஜெர்மன் இயற்பியலாளர் 1892ல் அருவிகளின் மின்சாரம் பற்றி எழுதினார். நீர்த்துளி பாறையில் மோதிச் சிதறும்போது சுற்றியுள்ள காற்றுக்கு எதிர்மின்னூட்டம் ஏறுகிறது. குற்றாலச் சாரலிலும் அது நடக்கும். அந்த மின்னூட்டம் புத்துணர்ச்சி தரும் என்று சொல்லி வீட்டுக்கு மின்னூட்டக் கருவி விற்கிறார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குப் பதற்றத்திலோ மனநிலையிலோ சீரான மாற்றம் தென்படவில்லை. கருவிக்குக் கொடுக்கும் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு குற்றாலத்துக்கே போய்விடலாம்.

பசிக்கு வருவோம். நீர், காற்றைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தைக் கடத்திக்கொண்டு போகும். தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுங்கி வெப்பம் உண்டாக்குகின்றன, உடல் தன் எரிபொருளைச் செலவழிக்கிறது. 2005ல் அமெரிக்காவில் ஒரு சிறு சோதனை நடந்தது. ஆண்கள் சிலரை நீருக்குள் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள்; ஒரு நாள் 33 டிகிரி நீர், இன்னொரு நாள் 20 டிகிரி. செலவழிந்த ஆற்றல் இரண்டு நாளும் ஒரே அளவுதான். ஆனால் பிறகு விருப்பம்போல் சாப்பிடவிட்டபோது, குளிர்ந்த நீரில் இருந்த நாளில் 44 சதவீதம் அதிகமாகச் சாப்பிட்டார்கள். எரித்ததை ஈடு செய்யத்தான் பசிக்கிறது என்றால் இரண்டு நாளும் ஒரே பசி இருந்திருக்க வேண்டும். குளிர் தனியாகவும் பசியைத் தூண்டுகிறது. அருவியிலிருந்து வந்தவன் ஆறு புரோட்டாவுக்குக் குறைந்து எழுந்திருப்பதில்லை என்றால், பாவம், அவன் மேல் முழுப் பழியும் போட வேண்டாம்.

இங்கே கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டிலோடு அருவிக்கு வரும் கூட்டங்கள் உண்டு. ‘உள்ளே போனா குளிர் தெரியாது’ என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. குளிரில் சுருங்க வேண்டிய ரத்தக் குழாய்களை மது விரித்துவிடுகிறது. சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றும். உள்ளே உடல் இன்னும் வேகமாக வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். பாசி பிடித்த பாறையில் காலின் நிதானமும் போய்விடும். அருவிக்குப் பொறுமையும் கிடையாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. இந்த அருவிகளுக்கு நீர் தரும் மலைச்சரிவு செங்குத்தானது, பரப்பில் சிறியது. மேலே ஒரு மேகம் கொட்டினால் அந்த நீர் கீழே வந்து சேரக் கொஞ்ச நேரம் போதும். கீழே அப்போது வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். நீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் வரத் தொடங்கினாலோ, காவலர் விசில் ஊதும் வரை நிற்காமல் ஏறிவிட வேண்டும்.

குளித்தவர்கள் போகுமிடம் செங்கோட்டையை ஒட்டிய பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை கேரளப் பக்கத்து ஆட்சியில் இருந்தது. எல்லை மலைக்கு மேலே நகர்ந்துபோன பிறகும் பார்டரும் புரோட்டாவும் அங்கேயே தங்கிவிட்டன. புரோட்டாவின் ரகசியம் மாவை ஊறவைப்பதில் இருக்கிறது. மைதாவில் இருக்கும் இரண்டு புரதங்கள் நீர் பட்டதும் கைகோத்துக் குளூட்டன் என்ற வலையாகின்றன. ஒன்று இழுபடும் குணம் தருகிறது. மற்றது இழுத்ததைத் திரும்பச் சுருக்கும் குணம் தருகிறது. பிசைந்த உடனே வீசினால் சுருக்கம் வென்று மாவு கிழிந்துவிடும். மணிக்கணக்கில் எண்ணெயில் ஊறினால் வலை தளர்ந்து, மாஸ்டர் வீசும் வீச்சுக்கு மறுபக்கம் தெரியும்படி விரியும். அந்த ஏட்டை எண்ணெயோடு கொசுவிச் சுருட்டும்போது அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே எண்ணெய் புகுந்து ஒட்டவிடாமல் காக்கிறது. கல்லில் வேகும்போது மாவின் ஈரம் ஆவியாகி அடுக்குகளைப் பிரிக்கிறது. எடுத்ததும் நாலைந்தை அடுக்கி இரு கைகளாலும் ஓங்கித் தட்டுவது சத்தத்துக்காக அல்ல. ஆவி பிரித்துவைத்ததை உதிர்த்துவிடும் கடைசி வேலை அது. சால்னா அந்த இடைவெளிகளில்தான் இறங்குகிறது.

கூட்டமாகப் போனால் அதிகம் தின்கிறோம் என்பது வெறும் நினைப்பா? ஜான் டி காஸ்ட்ரோ என்ற உளவியலாளர் 1980களின் கடைசியிலிருந்து மக்களைச் சாப்பாட்டுக் குறிப்பேடு எழுதவைத்து எண்ணிப் பார்த்தார். தனியாகச் சாப்பிட்டதைவிட மற்றவர்களோடு சாப்பிட்ட வேளைகள் 44 சதவீதம் பெரியவை. குளிர்நீர்ச் சோதனையின் எண்ணே இங்கும் வருவது தற்செயல். இரண்டையும் கூட்டி 88 என்று யாரும் புறப்பட வேண்டாம். ஆட்கள் கூடக் கூட அளவும் கூடியது. கூட ஒருவர் இருந்தால் 33 சதவீதம் அதிகம், ஏழு பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது நேரம். பேச்சு நீள்கிறது, இலை முன்னால் இருக்கிறது, கை சும்மா இருப்பதில்லை. குறிப்பேட்டு ஆய்வுகளில் ஒரு ஓட்டை உண்டு. விருந்து நாள்களில்தானே கூட்டம் கூடுகிறது, எது எதற்குக் காரணம்? ஆனால் சோதனைக்கூடத்தில் வைத்துப் பார்த்தவற்றையும் சேர்த்து 2019ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் தொகுத்தபோது தெளிவாகத் தெரிந்தது ஒன்று: இந்தப் பெருக்கம் நண்பர்களோடு உண்ணும்போது நடக்கிறது; அறிமுகமில்லாதவர்களோடு உட்கார்ந்தால் நடப்பதில்லை. மூலிகையோடும் மின்னூட்டத்தோடும் ஒப்பிட்டால், ஞாயிற்றுக்கிழமையின் சேர்மானங்களில் இவ்வளவு உறுதியான சான்று உள்ளது சேக்காளிகளுக்குத்தான்.

ஆனி மாதத்தில் போனவர்களுக்குப் பதநீர்ப் பருவத்தின் கடைசிப் பகுதி கிடைக்கலாம். சாலையோரப் பனைமரத்தடியில், பட்டையில் ஊற்றி நுங்கைச் சீவிப் போட்டுத் தருவார்கள். பனையேறி பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போதே உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிவிடுகிறார். வடியும் சாற்றில் பத்துச் சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்டும் பாக்டீரியாவும் அதில் விழுந்தால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையாக்கி அவற்றின் வேலையை நிறுத்துகிறது. ஆக ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. குழந்தைக்குக் கொடுக்கும் பானத்துக்கும் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை செய்யப்பட்டிருக்கும் கள்ளுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. புளிப்பில் சர்க்கரை மூலக்கூறு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைந்துவிடும். உடைந்த சர்க்கரை எளிதில் இறுகாது. புளிக்காமல் காத்த பதநீரைக் காய்ச்சினால்தான் கருப்பட்டி சிரட்டையில் கெட்டியாக உட்காரும்.

அல்வாவில் இதே வேதியியல் தலைகீழாக வேலை செய்கிறது. ஊறிய சம்பா கோதுமையை அரைத்துப் பால் பிழிந்து, ஓர் இரவு தெளியவைக்கிறார்கள். அதற்குள் லேசாகப் புளித்துவிடும். இங்கே அந்தப் புளிப்பு வேண்டும். கிண்டும்போது சர்க்கரையில் ஒரு பங்கை அது உடைக்கிறது. அதனால் அல்வா மணல் மணலாகப் பூக்காமல் வழுவழுப்பாக நிற்கிறது. உடைந்த சர்க்கரைதான் கோதுமைப் புரதத்தின் அமினோ அமிலங்களோடு சேர்ந்து, 1912ல் பிரெஞ்சு வேதியியலாளர் மயார் விவரித்த வினையில் இறங்கி, செம்பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகிறது. வெறும் தண்ணீரில் கோதுமை மாவுச்சத்து 60 டிகிரியை ஒட்டி வெந்து வீங்கிவிடும். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துவைத்துக்கொள்வதால், அல்வாவில் வேகக் கூடுதல் சூடும் நேரமும் வேண்டியிருக்கிறது. கை ஓயாமல் துடுப்புப் போடுவது அதற்காகத்தான். தண்ணீர் குறையக் குறையக் களி இறுகும். ஒரு கட்டத்தில் அதனால் நெய்யைப் பிடித்துவைக்க முடியாது, நெய் கக்கத் தொடங்கும். அதுதான் பதம். மிஞ்சியிருக்கும் கொஞ்சத் தண்ணீரும் சர்க்கரையின் பிடியில் இருப்பதால் கிருமிகளுக்குக் கிடைப்பதில்லை. குளிர்பெட்டி இல்லாமலே அல்வா சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்ச் சேர்வது அப்படித்தான்.

கடைசியாகத் தாமிரபரணித் தண்ணீர். மூலிகையைத் தள்ளிவிட்டதுபோல இதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. கடாயில் தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதிலிருந்த உப்புகள் போவதில்லை, அல்வாவிலேயே தங்கும். கால்சியம் நிறைந்த கடின நீர், கோதுமைப் புரதத்தின் இறுக்கத்தையும் பாலின் புளிப்பையும் மாற்றக்கூடியதுதான். பொதிகையின் கெட்டிப் பாறைகளில் இறங்கிவரும் நீரில் கரைந்த உப்பு குறைவு. ஆகவே அந்தப் பெருமைக்கு ஒரு நியாயம் இருக்க வழி உண்டு. ஆனால் கோதுமையும் நெய்யும் கிண்டும் கையும் ஒன்றாக இருக்கும்போது தண்ணீர் மட்டும் மாறினால் நாக்குக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அதைப் பெருமை பேசித் தீர்க்க முடியாது, தின்றுதான் தீர்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு நண்பர்கள் 12 பேர் கூடினால் போதும். ஒரே சமையல்காரர் ஒரே நாளில், ஒரே கோதுமையில், ஒரு கடாயில் ஆற்று நீரும் இன்னொன்றில் ஆழ்குழாய் நீரும் விட்டு அல்வா கிண்டட்டும். ஒவ்வொருவர் முன்னும் மூன்று துண்டுகள் வையுங்கள். இரண்டு ஒரே கடாயிலிருந்து, மூன்றாவது மற்றதிலிருந்து. எது எது என்று பரிமாறுபவருக்கும் தெரியக்கூடாது. நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விளக்கைக் குறைத்துவிடுங்கள். இருட்டில் அல்வா வாங்கிப் பழகிய ஊர், அது ஒன்றும் புதிதில்லை. வேறாக இருக்கும் துண்டு எது என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே 4 பேர் வரை சரியாகச் சொல்லிவிடலாம். 8 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அப்படி நடந்தால் தண்ணீரின் பெருமையை எங்கு வேண்டுமானாலும் போய்ச் சொல்லுங்கள். நடக்காவிட்டால் பாராட்டைக் கிண்டியவர் கையில் கொடுத்துவிட்டு, மிச்ச அல்வாவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.